தாத்தாவைப் பற்றி எழுத இரண்டு வரிக்கு மேல் என்ன இருக்கிறது?

9 ஜனவரி 2024, மாலை (கேள்வி)

தாத்தாவின் முதலாண்டு நினைவுக்கு வீட்டில் சின்னதாக ஒரு மலர் போடுகிறார்கள். மூத்த பேரன் என்று என் தலையில் ஒரு பக்கத்தைக் கட்டிவிட்டார்கள். எழுத உட்கார்ந்தால் ‘கடுமையாக உழைத்தார், எல்லோரிடமும் அன்பாக இருந்தார், எங்களை விட்டுப் பிரிந்தார்’ என்பதோடு நின்றுபோகிறது. யோசித்துப் பார்த்தால் எல்லோர் தாத்தாவுக்கும் இதுதானே? பெரிய மனிதர்களுக்குத்தான் வரலாறு. சாதாரணத் தாத்தாவுக்கு இரண்டு வரி போதும் என்றே படுகிறது. உங்களுக்கு எப்படி?

9 ஜனவரி, இரவு

எனக்கு அப்படிப் படவில்லை. நீங்கள் எழுதின இரண்டு வரியில் உங்கள் தாத்தாவே இல்லை. அதனால்தான் மூன்றாவது வரி வரமாட்டேன் என்கிறது.

என் தாத்தா பனையேறி. உடன்குடிப் பக்கம், தேரி மணலை ஒட்டின சின்ன ஊர். ஐப்பசி மழையில் போனார், மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. அவரைக் கடுமையாக உழைத்தார் என்று எழுதினால் படிக்கிறவருக்கு என்ன தெரியப்போகிறது? நான் எழுதுவதாக இருந்தால் அவர் பாதத்திலிருந்து தொடங்குவேன்.

அவர் பாதம் தரையில் முழுசாகப் பதியாது. இரண்டு கால்களிலும் தளைநாரை மாட்டிக்கொண்டு, பாதங்களால் மரத்தைக் கவ்விக் கவ்வி ஏறினதில் உள்விளிம்பு முழுக்கக் கல்லாகக் காய்த்திருக்கும். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அந்தக் காய்ப்பை நகத்தால் சுரண்டுவேன். அவருக்கு உறைக்கவே உறைக்காது. “இன்னும் அழுத்திச் சொறி எம்மா” என்பார். நெஞ்சிலும் அதே காய்ப்புதான். மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறும்போது உரசாமல் இருக்கத் தோல் ஒன்று கட்டிக்கொள்வார், அப்படியும் நெஞ்சு நடுவில் ஒரு முடி கிடையாது. தோல் தடித்துக் கறுத்து, விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும். முன்கையில் கோடு கோடாகக் கருக்குமட்டை கிழித்த தழும்பு.

அப்புறம் ஒரு கணக்கு. நல்ல பருவத்தில் அவர் முப்பத்தைந்து மரம் வரைக்கும் பார்ப்பார். காலையில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். மரத்துக்கு ஐம்பது அடி என்று வைத்தால் கூட ஒரு நாளைக்கு 3,500 அடி. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி. இரண்டு நாளைக்கு ஒரு தடவை கொடைக்கானல் உயரத்துக்கு, கையாலும் காலாலும், மாசியிலிருந்து ஆடி வரைக்கும். இறங்கினது கணக்கில் இல்லை.

உழைத்தார் என்கிற சொல்லுக்குப் பதிலாக இதைப் போடலாம் இல்லையா? உங்கள் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று சொல்லுங்கள்.

10 ஜனவரி

ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை, கையில் காய்ப்பெல்லாம் ஒன்றும் இல்லை என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். சரி, அவர் சட்டையில் என்ன வாசனை வரும்? தவிடா, அவித்த நெல்லா? பேனாவை எங்கே சொருகுவார்? மூட்டைக் கணக்கை வாய்விட்டு எண்ணுவாரா, உதட்டுக்குள்ளா? வீட்டில் அரிசி வாங்கினால் அவர் சும்மா இருந்திருப்பாரா? இதற்கெல்லாம் உங்களுக்குப் பதில் தெரியாவிட்டாலும் உங்கள் அம்மாவுக்குத் தெரியும். இன்றைக்கே கேளுங்கள்.

10 ஜனவரி, இன்னொன்று

ஒருவர் முருக்குத்தடி தெரியுமா என்று கேட்டிருக்கிறார். தெரியும். அடிமரத்தில் சாய்த்து வைத்து, அதில் மிதித்து முதல் எட்டு எடுத்து வைக்கிற தடி. அடிமரம் பருத்திருக்கும், கைக்கு அடங்காது, அதற்குத்தான். அதிலிருந்து மேலே தளைநார். இடுப்பில் அருவாப்பெட்டி தொங்கும். உள்ளே பாளையை, அதாவது பனம்பூக் குலையைச் சீவுகிற அருவா, ஆண் பனையின் பாளையை நசுக்குகிற கடிப்பு. பதநீரை ஊற்றிக்கொண்டு இறங்குவதற்குச் சுரைக்குடுக்கை. எங்கள் வீட்டுக் குடுக்கை பிற்பாடு பிளாஸ்டிக் கேன் ஆனது. தாத்தா கடைசி வரைக்கும் அதையும் குடுக்கை என்றேதான் சொன்னார்.

13 ஜனவரி

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலை பற்றி மட்டும் எழுதிவிட்டேன் என்று தோன்றியது. பொங்கல் என்றால் தாத்தா எனக்குப் பனங்கிழங்குதான்.

ஆவணி புரட்டாசியில் பனம்பழம் விழும். அதில் கொஞ்சத்தைச் சுட்டுத் தின்போம், பல்லிடுக்கில் தும்பு மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க அவஸ்தை. மீதிக் கொட்டைகளைத் தாத்தா புறவாசலில் பாத்தி கட்டி வரிசையாக அடுக்கி மண் போடுவார். மார்கழிக் கடைசியில் தோண்டினால் கிழங்கு. அத்தைக்குப் போகிற பொங்கப்படியில், அதாவது பொங்கல் சீரில், கரும்பு, மஞ்சள்குலை, அரிசி, காய்கறியோடு இந்தக் கிழங்குக் கட்டும் இருந்தே ஆக வேண்டும். கடையில் வாங்கின கிழங்கைப் பொங்கப்படியில் வைப்பதற்குத் தாத்தா ஒரு நாளும் சம்மதித்ததில்லை. “பிள்ளைக்குக் குடுக்கத வெலைக்கு வாங்கியா குடுப்பாங்க?” என்பார். கரும்பும் அரிசியும் விலைக்கு வாங்கினதுதானே என்று ஆச்சி கேட்பாள். அதற்கு மட்டும் காது கேட்காது.

கிழங்கு தோண்டும்போது எங்களுக்கெல்லாம் கண் தவுணில்தான். முளைத்த கொட்டையை அவர் அருவாளால் இரண்டாக வெட்டுவார், உள்ளே வெள்ளையாக, பஞ்சுக்கும் தேங்காய்க்கும் நடுவில் ஒரு பதத்தில் தவுண் இருக்கும். வெட்டு சரியாக நடுவில் விழும். அரைக் கொட்டை உனக்கு, அரைக் கொட்டை அவனுக்கு. யாருக்கும் கூடாது, யாருக்கும் குறையாது. பேரப்பிள்ளைகளில் ஆண் பிள்ளைக்கு முதலில் என்கிற வழக்கம் எங்கள் தெருவில் பல வீட்டில் உண்டு. தாத்தா கையில் அது நடக்காது. அதை அவர் ஒரு கொள்கையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வெட்டின கையோடு பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்குக் கொடுப்பார், அவ்வளவுதான்.

14 ஜனவரி

ஊருக்கு வந்துவிட்டேன். பாத்தி இந்த வருடம் போடவில்லை. சித்தப்பா சந்தையில் கிழங்கு வாங்கி வந்திருக்கிறார். அவித்து, நாரை உரித்து, நடுவிலுள்ள பீலியை எடுத்து வைத்துவிட்டு எல்லோரும் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது.

21 ஜனவரி

“வயிற்றுப்பாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்து ஏறின ஒருவரை இப்படி அழகாக வர்ணிக்கிறீர்களே, அந்த வேலை அவ்வளவு அழகா?” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

அழகு இல்லை. பெரும்பாலான மரங்கள் அவருக்குச் சொந்தம் கிடையாது, பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்தவை. பருவம் தொடங்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார், அந்தக் கடன் கருப்பட்டியாகத் திரும்பிப் போகும். விலையை வியாபாரிதான் சொல்வார். ஆடிக் காற்று தேரி மணலை அள்ளி வீசுகிற நாட்களில் மரம் உச்சியில் ஆடும். ஏறிக்கொண்டிருக்கும்போது கை விட்டால் பிடிக்க ஒன்றும் கிடையாது. எங்கள் ஊரில் விழுந்து செத்தவர்கள் உண்டு, இடுப்பு ஒடிந்து கட்டிலோடு இருபது வருடம் கிடந்தவரும் உண்டு. பனைமரத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் வந்ததெல்லாம் தாத்தா இறங்கின பிறகு.

கள் விஷயமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கள் இறக்க 1987இலிருந்து தடை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள், வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் பதநீர் இறக்குகிறவன் மேலும் எப்போதும் ஒரு சந்தேகக் கண். சோதனைக்கு வருகிறவர்கள் கலயத்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பார்கள் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். எதுவும் கிடைக்காவிட்டாலும் அன்றைய பதநீரைக் கொட்டிவிட்டுப் போன நாட்கள் உண்டாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் வேறு மாதிரி ஆகும்.

அப்புறம் அவமானம். அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ‘பனையேறி மவன்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அழுதுகொண்டு வந்த பிள்ளையிடம் தாத்தா கேட்டது: “ஆமால, பனையேறி மவந்தானல நீ? அதுக்கு எதுக்கு அழுத?” அப்பா அதைப் பெருமையாகச் சொல்வார். ஆனால் அதே தாத்தாதான் மூன்று பையன்களில் ஒருவனையும் மரத்தில் கை வைக்க விடவில்லை. அருவாப்பெட்டியைத் தொட்டால் அடி. அப்பா ஒரு தடவை தெரியாமல் பாதி மரம் ஏறி, இறங்கத் தெரியாமல் கத்தி, தாத்தா வந்து தோளில் ஏற்றி இறக்கி, கீழே வந்ததும் விளாசியிருக்கிறார். “எங்கூட முடியட்டும்” என்று அவர் சொன்னதை நானே பல தடவை கேட்டிருக்கிறேன்.

இதையும் சேர்த்துத்தான் அவரை நினைக்கிறேன். நெஞ்சுக் காய்ப்பை அழகு என்று நான் சொல்லவில்லை. அது அவருடையது, எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

22 ஜனவரி

நேற்றைய பதிலைத் திரும்பப் படித்தேன். எல்லாம் உண்மை. ஆனால் அதை மட்டும் படிக்கிறவருக்கு அவர் ஒரு துன்பப்பட்ட மனிதராகத் தெரிவார். வீட்டில் அப்படி இருந்ததே இல்லை.

மேலே போவது அவருக்குப் பிடிக்கும். வேலையை விட்டு வருடங்கள் ஆன பிறகும் திண்ணையில் உட்கார்ந்து மரத்து மண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே இருந்து என்ன தாத்தா தெரியும் என்று கேட்டால், “இந்தப் பக்கம் மணப்பாட்டு லைட் ஹவுஸ் தெரியும். அந்தப் பக்கம் உங்க ஆச்சி அடுப்புக்கு வெறகு வைக்காம கதை பேசிட்டு இருக்கது தெரியும்” என்பார். ஆச்சி உள்ளே இருந்து, “அங்க இருந்து பாத்தவரு எறங்கி வந்து ஒரு மட்டையத் தூக்கி வைக்கலாம்லா” என்பாள். ஒவ்வொரு தடவையும் இதே வசனம், ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

4 பிப்ரவரி

அத்தை இந்த இழையை யார் போனிலோ படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். முதலில் ஒரு திருத்தம்: முப்பத்தைந்து மரம் என்பது பிற்காலக் கணக்காம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாற்பதுக்கு மேல். கொடைக்கானல் கணக்கை அவரவர் மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய விஷயம் அடுத்தது. தாத்தா ஏன் ஏறுவதை நிறுத்தினார் என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரே பதில்தான், மூட்டு வலி. அத்தை சொல்வது வேறு. ஒரு பங்குனியில் பக்கத்துத் தோட்டத்தில் ஏறிக்கொண்டிருந்தவர் விழுந்துவிட்டார். தாத்தாவுக்குச் சேக்காளி. கட்டிலில் போட்டு ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினவர்களில் தாத்தாவும் ஒருவர். ஆள் பிழைக்கவில்லை. அன்று ராத்திரி ஆச்சி அருவாப்பெட்டியையும் தளைநாரையும் எடுத்து நெல் குலுக்கைக்குள் போட்டுவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் தாத்தா தேடியிருக்கிறார். ஆணியில் இல்லை, திண்ணையில் இல்லை, தோட்டத்து விடிலிக் குடிசையில் இல்லை. எங்கே என்று ஆச்சியிடம் அவர் கேட்கவில்லை. ஆச்சியும் சொல்லவில்லை. முகத்தைக் கழுவிவிட்டுக் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடித்தாராம். அந்தப் பருவத்தின் மீதியை வேறு ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார். “ஊருக்கு மூட்டு வலின்னு சொல்லியாச்சு. வேற என்னட்டி சொல்லச் சொல்லுத?” என்றாள் அத்தை.

சித்தப்பாவிடம் கேட்டேன். அதெல்லாம் இல்லை, மூட்டு வலிதான், தைலம் தேய்த்துவிட்டதே நான்தான் என்கிறார். இரண்டும் நடந்திருக்கலாம். எனக்கு அத்தை சொல்வது தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் ரொம்பப் பொருந்துகிறது.

5 பிப்ரவரி

கேட்டவர்களுக்கு: குலுக்கை என்பது மண்ணில் செய்கிற பெரிய தானியக் கூடு. கையை விட்டால் தோள் வரைக்கும் போகும். எங்கள் வீட்டுக் குலுக்கை இப்போது இல்லை, அடுக்களையை இடித்துக் கட்டினபோது போய்விட்டது.

18 பிப்ரவரி

மாசி பிறந்துவிட்டது, ஊரில் பாளை வெளிவந்திருக்கும். இந்த மாதத்தில் தாத்தா வீட்டில் கேட்கிற சத்தம் அருவா தீட்டுகிற சத்தம்.

அந்த அருவாளைச் சாணைக்கல்லில் தீட்ட மாட்டார்கள். ஒரு நீளக் கட்டை, அதன் மேல் வெள்ளைக்கல்லை இடித்துச் சலித்த பொடி. பொடியைத் தூவி, அருவாளைப் படுக்க வைத்து, ஒரு பக்கம் இழுத்து, புரட்டி, மறுபக்கம் இழுப்பார். அவசரமே இருக்காது. நடுவில் நிறுத்திக் கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை லேசாக வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் இன்னும் தீட்ட வேண்டும், நகத்தில் பிடித்தால் போதும். கடைசியில் முன்கை முடியில் ஒரு இழுப்பு. முடி உதிர்ந்தால் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்.

இவ்வளவு கூர் எதற்கு என்றால், பாளையை ஒவ்வொரு ஏற்றத்திலும் கொஞ்சமே கொஞ்சம் சீவ வேண்டும். காகிதக் கனம் போதும். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், அந்த மரம் பருவத்தின் பாதியிலேயே கைவிட்டுவிடும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும், சொட்டாது. மொட்டை அருவாளால் நசுங்கினாலும் சொட்டாது. ஐம்பது அடி உயரத்தில் ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் செய்கிற வேலை இது.

சுண்ணாம்பும் அப்படித்தான். குறைந்தால் பதநீர் புளித்துப்போகும், கூடினால் காரும், கருப்பட்டியும் கெட்டுப்போகும். எவ்வளவு தடவ வேண்டும் தாத்தா என்று கேட்டிருக்கிறேன். “கலயம் சொல்லும்” என்றார். அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், வெயில், காற்று, மரம், கலயம் புதுசா பழசா, எல்லாவற்றுக்கும் அளவு மாறும். வேறு எப்படித்தான் சொல்வார்?

2 மார்ச்

“தாத்தா தாத்தா என்கிறீர்கள், கருப்பட்டி காய்ச்சினது யார்?” என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். ஆச்சிதான். தாத்தா போன மறுவருடம் அவளும் போய்விட்டாள். அவளைத் தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். ஆனால் தனியாக எழுதினால் தப்பாகிவிடும். தாத்தாவின் வேலை மரத்தடியில் முடியும், அங்கிருந்து ஆச்சியின் வேலை தொடங்கும். இரண்டு பேரில் ஒருவர் படுத்தாலும் அன்றைய பதநீர் வீண்தான்.

விடிலி என்பது தோட்டத்துக்குள் ஓலையால் வேய்ந்த குடிசை. பருவம் முழுக்கக் குடும்பமே அங்கேதான். காலையில் இறக்கின பதநீரை வடிகட்டிப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றுவாள். எரிக்கக் காய்ந்த மட்டை, பன்னாடை, உடைமரத்து விறகு. கொதி வந்ததும் நுரை பொங்கி விளிம்புக்கு வரும். அப்போது ஆமணக்கு முத்தைத் தட்டி ஒரு சிட்டிகை போடுவாள், பொங்கினது அப்படியே அடங்கும். நாங்கள் அதைப் பார்க்கவே காத்துக்கொண்டு நிற்போம். ‘இன்னொரு தடவ பொங்க வைங்க ஆச்சி’ என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வோம்.

வற்ற வற்ற நிறம் மாறும். பாதி வற்றின பதம் கூப்பனி, அதில் ஒரு கரண்டி எங்கள் பங்கு. அதற்கு மேல் துடுப்பை நிறுத்தவே கூடாது, அடிப்பிடித்துவிடும். அந்தப் புகையில், பங்குனி சித்திரை வெயிலில், மணிக்கணக்காகக் கிண்டுவாள். பாகை ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, உருண்டால் இறக்க வேண்டும். மணலில் வரிசையாகச் சிரட்டைகளைப் பதித்து, தண்ணீர் தெளித்து வைத்திருப்பாள். ஊற்றி, ஆறினதும் கவிழ்த்துத் தட்டினால் கருப்பட்டி. எட்டுப் பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ வந்தால் பெரிசு.

2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று ஆச்சியின் கண்ணைத்தான் நினைத்தேன். இரண்டு கண்ணும் வருடம் பூராவும் சிவந்தே இருக்கும், புகையினால். கடையில் ஒரு கருப்பட்டியை எடுத்து மூக்கருகில் வைத்தால் சீனி கலந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். கடைக்காரர் எதிரிலேயே சொல்லிவிடுவாள் என்பதால் அவளைக் கடைக்குக் கூட்டிப்போக அப்பாவுக்குப் பயம்.

பருவம் இல்லாத மாதங்களில் ஓலை முடைவாள். கடகம், பெட்டி, பாய். திருக்கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை. பச்சரிசி மாவு, சிறுபயறு, ஏலக்காய், கருப்பட்டி, குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி அவித்தால் வீடே மணக்கும். அந்தக் குருத்தோலையை வெட்டித் தருவதற்கு மட்டும், வேலையை விட்ட பிறகும், ஒரே ஒரு குட்டை மரத்தில் ஏற ஆச்சி தாத்தாவுக்கு அனுமதி கொடுத்திருந்தாள். கீழே நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அத்தை சொன்ன குலுக்கைக் கதையை நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். மூட்டு வலிக்காரர் அந்த மரத்தில் எப்படி ஏறினார்?

3 மார்ச்

சித்தப்பா பதில் அனுப்பியிருக்கிறார்: “குட்டை மரம் ஏற மூட்டு வேண்டாம்.” சரி சித்தப்பா.

20 ஏப்ரல்

ஊரிலிருந்து எழுதுகிறேன். தாத்தா பாட்டம் எடுத்த தோட்டங்களில் பாதி மனையாகிவிட்டது. எண்பது தொண்ணூறுகளில் செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் பனை போனதை அப்பா பார்த்திருக்கிறார். 2021இல் வேளாண் பட்ஜெட்டில், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். நல்ல விஷயம். பனை நம் மாநில மரம் வேறு. ஆனால் மரம் நின்றால் மட்டும் போதாது, ஏற ஆள் வேண்டும். நிற்கிற மரங்களில் முக்கால்வாசியில் பாளை காய்ந்து தொங்குகிறது. தாத்தாவே பிள்ளைகளை ஏற விடவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குப் பதில் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

ஒன்று சந்தோஷமாகச் சொல்லலாம். ‘தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான்’ என்று சொலவடை உண்டு. பனை பாளை விட வருடக்கணக்காகும். தாத்தா வேலையை விட்ட பிறகு ஓடைக்கரையில் கம்பால் குழி குத்திக் கொட்டைகளைப் போட்டுக்கொண்டே போவார். யாருக்காகத் தாத்தா என்றால், “மண்ணு அரிக்காம இருக்கும்லா” என்பார். அந்த வரிசை இப்போது வடலியாக, இளம்பனையாக, என் தலைக்கு மேல் நிற்கிறது. ஒன்றிரண்டை ஆடு கடித்திருக்கிறது, மற்றவை தேறிவிட்டன.

21 ஏப்ரல்

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்! எல்லோரும் அவர் எழுதினதைப் படியுங்கள். அம்மாவிடம் கேட்டாராம். தாத்தா மில்லிலிருந்து வரும்போது சட்டைப் பையில் எப்போதும் நாலு நெல் இருக்குமாம். பல்லில் வைத்துக் கடித்து, அந்தச் சத்தத்தை வைத்தே நெல் காய்ந்தது போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாராம். கடைசிக் காலத்தில் பல்லெல்லாம் போன பிறகு, பேரனை, அதாவது இவரை, கூப்பிட்டுக் கடிக்கச் சொல்லிக் காதைப் பக்கத்தில் கொண்டுவந்து கேட்பாராம். இவருக்கே அது மறந்துபோயிருந்ததாம். எழுத ஒன்றும் இல்லை என்றாரே!

அதை அப்படியே போடுங்கள். மாற்ற வேண்டாம், ‘அன்பின் உருவமானவர்’ என்று தலைப்பும் வைக்க வேண்டாம்.

4 ஆகஸ்ட்

ஆடி அமாவாசை. அப்பாவும் சித்தப்பாவும் திருச்செந்தூர்க் கடலில் முழுகித் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார்கள். கூட்டம் தாங்கவில்லையாம். வீட்டில் படையல். இலையில் எதை வைப்பது என்று அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் வழக்கம்போலத் தகராறு. தாத்தாவுக்குச் சுறாப்புட்டு உயிர், ஆனால் அமாவாசைக்குக் கவிச்சி கூடாது. கடைசியில் அவியல், பருப்பு, பாயசம், இரண்டு பேருக்கும் இரண்டு லோட்டா கருப்பட்டிக் காப்பி. ஆச்சி லோட்டாவில் சுக்கு கூட. சுறாப்புட்டு அடுத்த வாரம், தாத்தா பெயரைச் சொல்லி நாங்களே தின்பதாக ஒப்பந்தம்.

மலர் அச்சாகி வந்துவிட்டது என்று நண்பர் படம் அனுப்பியிருக்கிறார். ஒரு பக்கம் கேட்டவர்களுக்கு நாலு பக்கம் கொடுத்திருக்கிறார். நெல் கடிக்கிற கதை இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அவருடைய சித்தி அதைப் படித்துவிட்டு, “நெல்லு மட்டுமா, உளுந்தையும் கடிப்பாரு” என்று தொடங்கியிருக்கிறாராம். அடுத்த பதிப்புக்கு இப்போதே ஆள் சேர்ந்துவிட்டது.

5 ஆகஸ்ட்

கருப்பட்டிக் காப்பி எப்படிப் போடுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கருப்பட்டியை நொறுக்கித் தண்ணீரில் போட்டுக் கரைந்து கொதித்ததும் வடிகட்டுங்கள், அடியில் மண் இருக்கும். மறுபடி அடுப்பில் வைத்து, காப்பித்தூள் போட்டு ஒரு கொதி, இறக்கி மூடி வையுங்கள், தூள் அடங்கினதும் ஊற்றலாம். ஆச்சி முறை என்றால் தட்டின சுக்கு கொஞ்சம். பாலை அதோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் திரிந்துபோகும், வேண்டுமானால் தனியாகக் காய்ச்சிக் கடைசியில் சேர்க்கலாம். எங்கள் வீட்டில் பால் சேர்ப்பதில்லை.